1/24 டீக்கடை: டயோராமா கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கடைசியாகக் கட்டியது, நிஜத்தில் 24இல் ஒரு பங்கு அளவில், ஒரு பேருந்து நிறுத்த டீக்கடை. 20 செ.மீ. சதுரப் பலகை, கீற்றுக் கூரை, ஐந்து ஆட்கள், ஒரு நாய். அதைப் பார்க்க வந்தவர்கள் கேட்டதையும், நான் கற்றுக்கொண்ட காலத்தில் கேட்க ஆளில்லாமல் தவித்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

டயோராமா என்றால் என்ன? கொலு மாதிரியா?

கொலுவைவிட, கொலுப்படிக்குப் பக்கத்தில் போடுவோமே "பார்க்", அதற்கு நெருங்கிய சொந்தம். கேழ்வரகையும் கடுகையும் முளைக்கவிட்டுப் புல்வெளி, சாயம் போட்ட மரத்தூளில் சாலை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம். எங்கள் வீட்டில் அத்தைதான் பார்க் போடுவார். நான் மண் சலித்துக் கொடுக்கும் ஆள். என் பயிற்சி அங்கே தொடங்கியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

வித்தியாசம் இரண்டு இடத்தில் வரும். பார்க்கில் யானை உயரத்துக்கு ஒரு கிளி நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். டயோராமாவில் செங்கல் முதல் செருப்பு வரை எல்லாம் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அப்புறம், டயோராமாவில் ஒரு நொடி உறைந்து நிற்க வேண்டும். அதற்கு முந்தைய நொடியும் அடுத்த நொடியும் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

பெயர் வந்தது பாரிஸிலிருந்து. 1822இல் லூயி டாகேர் என்பவர் இருட்டு அரங்கில், ஒளி ஊடுருவும் துணியில் பிரம்மாண்ட ஓவியங்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பகலை இரவாக்கிக் காட்டினார். அந்தக் காட்சிக்குப் பெயர்தான் டயோராமா. 1839இல் புகைப்பட முறையை உலகுக்குத் தந்த அதே டாகேர்தான். சின்ன உருவங்களை நிற்கவைக்கிற இன்றைய அர்த்தம் பிற்பாடு சேர்ந்தது.

எந்த ஸ்கேலில் தொடங்கலாம்?

உண்மையான அளவை மில்லிமீட்டரில் எழுதி, ஸ்கேல் எண்ணால் வகுங்கள். அவ்வளவுதான் கணக்கு. 1.70 மீட்டர் உயர ஆள் 1/72இல் 24 மி.மீ., 1/35இல் 49 மி.மீ., 1/24இல் 71 மி.மீ. இருப்பார்.

ராணுவ மாடல்களின் உலகம் 1/35. அந்த விநோதமான எண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானின் தாமியா நிறுவனம் 1961இல் பாந்தர் டாங்க் மாடலைக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்கும்படி உடலை வடிவமைத்தார்கள். பிறகு விகிதத்தைக் கணக்கிட்டால் சுமார் 1/35 வந்தது. அதுவே வழக்கமாகி, மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்துவிட்டன. ஆக, அது பேட்டரி தீர்மானித்த ஸ்கேல்.

ரயில் மாடல்காரர்களுக்கு 1/87. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001இல் திறந்த மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இந்த ஸ்கேலில்தான் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 செ.மீ. கூட்டத்தைக் காட்ட அது போதும். முகத்தைக் காட்ட வேண்டுமென்றால் போதாது.

நான் 1/24க்கு வந்த காரணம் எளிது: கார் மாடல்கள் இந்த ஸ்கேலில் நிறையக் கிடைக்கின்றன, உருவத்தைக் கையால் செய்கிற அளவுக்குப் பெரிது, கண்ணுக்கும் வலிக்காது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் முக்கியம்.

கடையில் வாங்கும் பொம்மை ஆட்டோவைச் சேர்த்துக்கொள்ளலாமா?

முதலில் அளந்து பாருங்கள். நிஜ ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளம். 1/24இல் அது 11 செ.மீ. பொம்மை 13 செ.மீ. இருந்தால் அதன் பக்கத்தில் நிற்கும் டிரைவர் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார்.

பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

நீங்கள் நினைப்பதில் பாதி. 20 செ.மீ. என்பது 1/24இல் 4.8 மீட்டர், ஒரு டீக்கடைக்கும் அதன் முன்வாசலுக்கும் தாராளம். முதன்முதலாகச் செய்பவர்கள் எல்லாருமே பெரிய பலகையில் ஆரம்பித்து, வெற்றுத் தரையை நிரப்ப வழி தெரியாமல் புல்லாக ஒட்டுவார்கள். நானும் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று: கடையைப் பலகை ஓரத்துக்கு இணையாக வைக்காதீர்கள். 10, 15 டிகிரி திருப்பி வையுங்கள். நேராக வைத்தால் கட்டட வரைபடம் போல ஆகிவிடும்; திருப்பினால் தெருவிலிருந்து வெட்டி எடுத்தது போல வரும்.

உருவங்கள் எங்கே கிடைக்கும்?

போர்வீரர்கள் வேண்டுமென்றால் கிடைக்கும். வேட்டியை மடித்துக் கட்டியவர், தலையில் துண்டு போட்டவர், குந்தி உட்கார்ந்து பீடி பிடிப்பவர் வேண்டுமென்றால் நீங்கள்தான் செய்ய வேண்டும். 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதுவும் ஒரு வழி, ஆனால் கோப்பு வடிவமைப்பவர்களும் பெரும்பாலும் சிப்பாய்களைத்தான் வடிவமைக்கிறார்கள்.

விலாச்சேரி, பண்ருட்டிப் பக்கம் செய்கிற கல்யாண செட், கிரிக்கெட் செட் பொம்மைகளை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஸ்கேலுக்கு ஒத்துவராது, ஆனால் பந்திக்கு உட்கார்ந்தவர்களை வரிசையாகச் செய்யும்போது ஒருவர் மட்டும் பக்கத்து இலையைப் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார்கள் சிலர். அந்தக் கண்ணை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கையால் ஓர் ஆளை எப்படிச் செய்வது?

முதலில் கம்பி எலும்புக்கூடு. பழைய மின்வயரை உரித்தால் கிடைக்கும் செப்புக் கம்பி போதும், 1 மி.மீ. தடிமன். 71 மி.மீ. ஆளுக்குத் தலை 9 மி.மீ. சொச்சம், ஏனென்றால் மனித உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. இடுப்புக்குக் கீழே கால் பிரியும் இடம் உயரத்தில் சரிபாதி. கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி பாதித் தொடை வரை வரும். இந்த மூன்றையும் ஒரு தாளில் வரைந்து, கம்பியை அதன்மேல் வைத்து வளையுங்கள்.

அப்புறம் இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி புட்டி. குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்-சீலே போதும். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், ஆனால் இறுகிய பிறகு அறுக்கலாம், ராவலாம். சம அளவு பிசைந்து, முதல் நாள் மார்புக்கூட்டையும் இடுப்பையும் மட்டும் இரண்டு முட்டை போலப் பிடியுங்கள். காயட்டும். மறுநாள் கைகால். மூன்றாம் நாள் உடை. ஒரே நாளில் முடிக்க நினைத்தால், காலைச் சரிசெய்யும்போது முகத்தில் கட்டைவிரல் பதியும். கருவிகள்: ஊசி, பல்குச்சி, விரலில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர். பிசையும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இறுகாத புட்டி சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும்.

மடித்துக் கட்டிய வேட்டிக்கு டிஷ்யூ பேப்பர் நன்றாக வரும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றி, ஈரத்திலேயே ஊசியால் மடிப்பு இழுங்கள். மடிப்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்: இடுப்பு முடிச்சிலிருந்து விசிறி போல விரியும்.

என் உருவங்கள் கட்டைபோல நிற்கின்றனவே, ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. மற்றதெல்லாம் பசையும் பெயிண்டும்தான்.

காரணம், இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டிருப்பீர்கள். நிஜத்தில் அப்படி நிற்பவர் போலீஸ் அணிவகுப்பில்தான் இருப்பார். டீக்கு நிற்கிறவர் ஒரு காலில் நிற்கிறார், மற்றது சும்மா இருக்கிறது. வலது காலில் எடை என்றால் வலது இடுப்பு மேலே ஏறும், இடது இடுப்பு இறங்கும். அதை ஈடுகட்ட வலது தோள் இறங்கும், இடது தோள் ஏறும். தலை மீண்டும் ஒரு பக்கம் சாயும். நம் சிற்பிகள் இதைத் திரிபங்கம் என்றார்கள்.

சந்தேகமிருந்தால் தஞ்சாவூர் கலைக்கூடத்துக்குப் போய், திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பாருங்கள். 1011ஆம் ஆண்டுச் செப்புத்திருமேனி. ஒரு காலின் குறுக்கே மறு காலைப் போட்டு, காளையின்மேல் கையை ஊன்றி நிற்கிறார். காளை இன்று இல்லை. ஆனால் அந்தக் கை சாய்ந்திருக்கும் விதத்தில் காளையின் உயரம் தெரிகிறது, திமில் எங்கே இருந்திருக்கும் என்றுகூடத் தெரிகிறது. நான் மூன்று முறை போய், ஒவ்வொரு முறையும் காவலாளி நெளியும் அளவுக்கு நின்று பார்த்தேன். சிற்பம் கற்றவர்கள் அதில் ஆயிரம் சொல்வார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: உடம்பு சரியாகச் சாய்ந்தால், அது சாய்ந்திருக்கும் பொருளை நீங்கள் செய்யவே வேண்டாம்.

சரி, சோதிப்பது எப்படி? நூலில் ஒரு திருகாணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் தொண்டைக்குழி, அந்தக் கால் கணுக்காலுக்கு நேர்மேலே வர வேண்டும். வராவிட்டால் ஆள் விழுந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கம்பி நிலையிலேயே இதைப் பாருங்கள், புட்டி போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

பிறகு, நீங்களே அப்படி நின்று பாருங்கள். குந்தி உட்காரும் சுமைதூக்குபவரைச் செய்ய, சமையலறையில் உட்கார்ந்து மகளைவிட்டு நாலு பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னேன். குதிகால் தரையில் பதிய, முழங்கை முழங்காலுக்கு வெளியே நீட்ட, முதுகு வளையும் அந்த உட்காரல், பாகங்களாக வாங்கி ஒட்டும் எந்த வெளிநாட்டு மாடல் கிட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

உங்கள் டீக்கடையில் பஸ் எங்கே?

பஸ் இல்லை. 11 மீட்டர் பஸ் 1/24இல் 46 செ.மீ. வரும், பலகையே 20தான்! ஆனால் கண்டக்டர் இருக்கிறார். கையில் சூடான கிளாஸ், உதடு ஊதுகிற மாதிரிக் குவிந்திருக்கிறது, உடம்பு கடைப்பக்கம், ஒரு பாதம் மட்டும் சாலைப்பக்கம் திரும்பி, குதிகால் லேசாகத் தூக்கி. கழுத்து பின்னால் திரும்பியிருக்கிறது. பார்த்தவர்களில் பலர் "டிரைவர் ஹாரன் அடிச்சிட்டாரா?" என்று கேட்டுவிட்டார்கள். காளை விஷயம்தான் இதுவும்.

உருவங்களை எப்படி வைப்பது? வரிசையாகவா, வட்டமாகவா?

முதலில் பார்வைகளை ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு மூக்கிலிருந்தும் ஒரு நூலை இழுத்து, அது எங்கே போய் முட்டுகிறது என்று பாருங்கள். ஐந்து நூலும் ஐந்து திசையில் வெற்றிடத்தில் முடிந்தால், அது காட்சியாகாது, பொம்மைக் கடை. என் கடையில் கண்டக்டர் வெளியே பார்க்கிறார், மாஸ்டர் கண்டக்டரைப் பார்க்கிறார், சில்லறை தேடுகிறவர் தன் சட்டைப்பையைப் பார்க்கிறார், குந்தியிருப்பவர் நாயை, நாய் வடைத்தட்டை. பேப்பர் படிக்கும் பெரியவர் யாரையும் பார்ப்பதில்லை. எந்தக் கடையிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

நாயை வைத்த பிறகுதான் காட்சி ஒட்டிக்கொண்டது. முதலில் சில்லறை தேடுகிறவரைப் பக்கத்தில் நிற்கிறவர் முறைப்பதாக வைத்திருந்தேன், அது நாடகம் போல ஆகிவிட்டது, எடுத்துவிட்டேன். பெரிய சம்பவம் வேண்டாம். விபத்து, சண்டை, கண்ணீர் எல்லாம் ஸ்கேல் சிறுக்கச் சிறுக்கக் கேலிக்கூத்தாகிவிடும் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

டீ ஆற்றுவதை எப்படிச் செய்தீர்கள்?

இரண்டு கைக்கும் நடுவே நிஜத்தில் ஒரு மீட்டர் இழுப்பார் மாஸ்டர். 1/24இல் 4 செ.மீ. முதலில் மீன்பிடி நரம்பை நட்டுப் பார்த்தேன், கம்பி நட்டது போலவே இருந்தது. கொட்டும் திரவம் கீழே வரவர வேகமெடுக்கும், அதனால் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். கிட்டுகளில் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் வருமே, அதை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே இளகும் வரை காட்டி, வெளியே எடுத்து இழுத்தால் தானாகவே அப்படி மெலியும். தடித்த முனை மேல் டம்ளரின் உதட்டில், மெல்லிய முனை கீழே. கிளம்பும் இடத்தில் சிறு வளைவு. பழுப்பு பெயிண்ட், மேலே பளபளக்கும் வார்னிஷ், கீழ் டம்ளரில் நுரைக்கு ஒரு துளி ஃபெவிகாலோடு வெள்ளை.

மாஸ்டரின் கண் டம்ளரில் இருக்கக் கூடாது. கை பழகியவர் கையைப் பார்க்க மாட்டார்.

தோல் நிறத்துக்கு எந்த பெயிண்ட்?

"ஃபிளெஷ்" என்று பெயர் போட்டு வரும் குப்பிகள் பெரும்பாலும் ஐரோப்பியத் தோலுக்கானவை. அதில் பழுப்பைக் கலந்தால் காய்ச்சல்காரர் நிறம்தான் வரும். நான் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் தொடங்குகிறேன். அதனுடன் யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலம் ஒரு பொட்டு சேர்த்தால் கருப்பு சேர்ப்பதைவிட உயிரோடு இருக்கும். மேடான இடங்களுக்கு, அதாவது மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, தோள்பட்டைக்கு, வெள்ளை சேர்க்காமல் ஓக்கரையே கூட்டுங்கள். வெள்ளை கலந்தால் திருநீறு பூசியது போலச் சாம்பல் பூத்துவிடும். வெயிலில் நிற்கிற ஆளுக்கு நெற்றியில் லேசாக மினுக்கும் வார்னிஷ், அது வியர்வை. ஐந்து பேருக்கும் ஒரே கலவையைப் போடாதீர்கள். நம் தெருவில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லா நிறத்தையும் ஒரு படி வெளிறவையுங்கள். தூரத்தில் இருப்பது வெளிறித் தெரியும். சின்ன உருவத்தை நம் கண் தூரத்து உருவமாகவே எடுத்துக்கொள்கிறது.

கண்ணை எப்படி வரைவது?

1/35இல் வரையாதீர்கள். இமைக்கோடு ஒரு கருப்பழுப்புக் கீற்று போதும். 1/24இல் வெள்ளைக்குப் பதில் சந்தன நிறம், அதில் கருவிழி மேலிமையையும் கீழிமையையும் தொடும்படி. வெள்ளை சுற்றிலும் தெரிந்தால் ஆள் பேயைப் பார்த்தவர்.

எந்தத் தூரிகை?

முனை கூர்மையாகச் சேரும் 1ஆம் எண். மூன்று பூஜ்யம் போட்ட மிக மெல்லிய தூரிகையில் பெயிண்ட் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும்.

ஸ்பிரே அடித்தேன், தெர்மாகோல் சுவர் கரைந்துவிட்டது!

எனக்கும் கரைந்தது, அதுவும் செங்கல் ஒவ்வொன்றாகக் கீறி முடித்த இரவில். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். சில உடனடிப் பசைகளும் அப்படித்தான். முதலில் ஃபெவிகாலில் அக்ரிலிக் பெயிண்டைக் கலந்து இரண்டு பூச்சு கொடுத்து முழுவதும் மூடிவிடுங்கள். அல்லது சன்போர்டு என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகைக்கு மாறிவிடுங்கள். அதில் செங்கலைப் பேனாமுனையால் அழுத்தியே கீறலாம். 1/24இல் ஒரு செங்கல் 9.5 மி.மீ. நீளம், 3 மி.மீ. உயரம்.

கூரை, தரைக்கு என்ன பொருள்?

தென்னை மரத்தில் மட்டைக்கு அடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடையைச் சேகரித்து வையுங்கள். சாக்குக்கு அதுதான், பழைய கீற்றுக்கும் அதுதான். மூங்கில் கழிக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி. உதிர்ந்த சருகுக்குக் குடித்து முடித்த டீத்தூள், நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தது. டீக்கடைக்கு டீத்தூளே சருகு!

தரைக்குத் தெரு மண்ணையே எடுத்து, மெல்லிய துணியில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள். வறுக்காவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை வரும். ஒட்டத் தண்ணீர் கலந்த ஃபெவிகால், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தோடு. அது மண்ணுக்குள் இறங்க உதவும். ஈர மண் நிஜத்தில் கருப்பாகவும் காய்ந்தது வெளிறியும் இருக்கும். கிளாஸ் கழுவிக் கொட்டும் இடத்தில் மட்டும் கருப்பாக்கி வார்னிஷ் தொட்டேன்.

பெரிய நீர்நிலை வேண்டுமென்றால், இறுகிக் கண்ணாடி போலாகும் எபாக்ஸி ரெசின் திரவத்தை 2, 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். கண்ணாடிக் குளம் வேண்டாம்; அது கொலுவுக்கு அழகு, இங்கே கூரைவிளக்கைக் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு நுணுக்கம் போடலாம்? தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டலாமா?

அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940களில் இறப்புக் காட்சிகளை 1/12இல் கட்டினார், போலீஸாருக்குக் கூர்ந்து பார்க்கப் பயிற்சி கொடுக்க. பொம்மைகளின் காலுறையைக்கூட மெல்லிய ஊசிகளால் பின்னினார். அவற்றில் 18 பால்டிமோரில் இன்றும் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு பொருளும் தடயமாக இருக்கலாம், அதனால் எதுவும் அதிகமில்லை.

நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆள் கைக்கு எட்டும் இடத்தில் உழையுங்கள். கூரைமேல் உழைப்பை வீணாக்க வேண்டாம். பெரியவர் விரித்த நாளிதழ் 1/24இல் ஒரு பெரிய தபால்தலை அளவு. நான் அதில் எழுத்தை அச்சிட்டு ஒட்டினேன், ஒருவராலும் படிக்க முடியவில்லை. அதே நேரத்தைப் பெஞ்சின் நடுத்தேய்மானத்தில் செலவிட்டதை எல்லாரும் கவனித்தார்கள்.

முடிந்ததைப் போட்டோ எடுத்தால் பொம்மையாகத் தெரிகிறதே?

மேலிருந்து எடுத்திருப்பீர்கள். 1/24 ஆளின் கண் தரையிலிருந்து 6.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, லென்ஸும் அங்கே இருக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா கீழே வந்துவிடும். காலை வெயில் ஒரு பக்கமாக விழும் ஜன்னலோரம் வையுங்கள், எதிர்ப்பக்கம் வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்துங்கள். பின்னால் மங்கலாக ஒரு சுவர் இருந்தால் போதும். எங்கள் மாடியில் எடுத்தபோது பின்னால் நிஜத் தென்னை தெரிந்தது, நன்றாகத்தான் இருந்தது. ஒரு படத்தில் மட்டும் கண்டக்டர் பார்க்கிற திசையில் எங்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கிறது.